பிள்ளைக்கு கவன மாத்திரை கொடுத்தா தலைவலியா? நீங்களா நிறுத்தாதீங்க... முதல்ல நேரத்தைக் குறிங்க!

பழவேற்காடு:-

பழவேற்காடு ஏரிக்கரை குப்பங்களில் பொழுது விடியும் முன்பே வீடு காலியாகி விடும். அப்பா வலையோடு தண்ணிக்குப் போயிருப்பார். படகு கரை சேரும் நேரம் பார்த்து அம்மா கூடையை எடுத்துக்கொண்டு ஏலத்துக்குக் கிளம்பி விடுவார். வீட்டில் இருப்பது பாட்டியும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும்தான்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவனுக்கு டாக்டர் தினமும் காலையில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். "ஒரு இடத்துல உட்காரவே மாட்டேங்குறான், எழுத ஆரம்பிச்சா பாதியில எழுந்து ஓடுறான்" என்று டீச்சர் சொன்னதால், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து கண்டுபிடித்த குறைபாட்டுக்கான மாத்திரை அது.

மாத்திரை ஆரம்பித்து 4 நாள் ஆகிறது. டீச்சர், "இப்ப பரவாயில்லையே, உட்கார்ந்து எழுதுறானே" என்கிறார். ஆனால் பையன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "ஆயா, தலை வலிக்குது" என்கிறான்.

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் தப்பு நடக்கிறது. "இந்த மாத்திரையே வேணாம்" என்று தூக்கிப் போடுவது ஒரு தப்பு. பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கி அதன் மேலேயே கொடுப்பது இன்னொரு தப்பு. "பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறான்" என்று முதுகில் ரெண்டு வைப்பது எல்லாவற்றையும் விட பெரிய தப்பு.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

சேட்டை வேறு, குறைபாடு வேறு

எல்லாப் பிள்ளைகளும் சேட்டை செய்யும். அது நோய் அல்ல. ஆனால் சில பிள்ளைகளுக்கு கவனத்தை ஒரு இடத்தில் நிறுத்துவதே பெரும்பாடு. பென்சிலைத் தொலைப்பது, சொன்னதை மறப்பது, கேள்வி முடியும் முன் பதில் சொல்வது, வரிசையில் நிற்க முடியாமல் தவிப்பது என்று நாள் முழுவதும் ஓடும். இதை டாக்டர்கள் 'ஏ.டி.எச்.டி.' என்கிறார்கள். தமிழில் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு.

ஒரு நாள் பார்த்து இதை முடிவு செய்து விட முடியாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். குறைந்தது 6 மாதம் இருக்க வேண்டும். வீட்டில் மட்டும், அல்லது பள்ளியில் மட்டும் என்று இல்லாமல் ரெண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். உலக அளவில் சுமார் 100 பிள்ளைகளில் 5 பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. வளர்ப்பு சரியில்லாததால் வருவது அல்ல இது. மூளை வளரும் விதத்தில் உள்ள வித்தியாசம்.

இதற்கு எல்லாருக்கும் மாத்திரை தருவதில்லை. 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி. பெரிய பிள்ளைகளுக்கு தேவைப்பட்டால் மாத்திரை. அப்படி இந்தியாவில் பெரும்பாலும் எழுதப்படும் மருந்தின் பெயர் மெத்தில்பெனிடேட். இது மூளையைத் தூண்டி விடும் வகையைச் சேர்ந்தது. தூக்க மாத்திரை அல்ல. அக்கம்பக்கத்தில் சிலர் சொல்வது போல 'பைத்தியத்துக்குத் தர்ற மாத்திரை'யும் அல்ல.

"ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கிற பிள்ளைக்கு, தூண்டி விடுற மருந்தா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மூளையில் கவனத்தைப் பிடித்து வைக்கும் பகுதி மந்தமாக இருப்பதால்தான் பிள்ளை அலைபாய்கிறது. அந்தப் பகுதியைத் தூண்டி விட்டால், பிள்ளை நிதானமாகிறது.

தலைவலிக்குக் கொடுத்தார், கணக்கு வந்தது!

இந்த வகை மருந்துக்கும் தலைவலிக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்தது அல்ல. கதையே தலைவலியில்தான் ஆரம்பிக்கிறது.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிராட்லி இல்லம் என்ற குழந்தைகள் மனநல ஆஸ்பத்திரி 1931-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்கே சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர் வேலை பார்த்தார். ஸ்கேன் எந்திரம் எல்லாம் வராத காலம் அது. மூளையைப் படம் எடுக்க வேண்டும் என்றால், முதுகுத்தண்டில் ஊசி போட்டு அங்குள்ள நீரை எடுத்து விட்டு, காற்றைச் செலுத்தித்தான் எக்ஸ்ரே எடுப்பார்கள். எடுத்து முடித்ததும் பிள்ளைகளுக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும்.

நீர் மறுபடி சீக்கிரம் ஊறினால் வலி குறையும் என்று நினைத்த பிராட்லி, பென்சிட்ரின் என்ற தூண்டு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சில பிள்ளைகள் வகுப்பில் அமைதியாக உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார்கள்!

பிறகு 30 பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார். அவர்களில் 14 பேரின் படிப்பில் பளிச்சென்று முன்னேற்றம். இதை 1937-ம் ஆண்டு மருத்துவ இதழில் எழுதினார். பிள்ளைகளே அந்த மருந்துக்கு 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்து விட்டார்கள்.

இன்று நம் ஊரில் எழுதித் தரும் மெத்தில்பெனிடேட் வேறு மருந்து. ஆனால் அதே வகையைச் சேர்ந்தது. 1944-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனியில் வேலை பார்த்த லியாண்ட்ரோ பானிசோன் என்ற விஞ்ஞானி இதைத் தயாரித்தார். அவர் மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. அந்தப் பெயரில் இருந்துதான் 'ரிட்டாலின்' என்ற பெயர் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

தலைவலியைப் போக்கக் கொடுத்த மருந்தின் சொந்தக்கார மருந்தே இன்று சில பிள்ளைகளுக்கு தலைவலி தருகிறது. இங்கிலாந்தில் மருந்தோடு வரும் விவரக் குறிப்பில், 10 பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வரக்கூடிய பக்க விளைவுகளில் தலைவலியும் உண்டு. ஆகவே தலைவலி என்று பிள்ளை சொன்னால் அது நடிப்பு என்று நினைக்காதீர்கள். ஊர் உலகத்தில் எல்லா டாக்டருக்கும் தெரிந்த விஷயம் இது.

ஆறுதலான சேதியும் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது லேசான வலிதான். ஒன்று, ரெண்டு வாரத்தில் உடம்பு பழகியதும் தானாகவே குறைந்து விடுவது உண்டு.

ஏன் வலிக்கிறது?

மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் என்ற ரெண்டு ரசாயனங்கள் இருக்கின்றன. மெத்தில்பெனிடேட் இவற்றை சீக்கிரம் உறிஞ்ச விடாமல் தடுத்து, கொஞ்ச நேரம் கூடுதலாக வேலை செய்ய வைக்கிறது. கவனம் வருவது இதனால்தான். அதே வேலையில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறுகிறது. சிலருக்கு அது தலைவலியாகத் தெரியும்.

இது நேரடிக் காரணம். ஆனால் பல பிள்ளைகளுக்கு வலி சுற்றி வளைத்துத்தான் வருகிறது. இந்த மாத்திரை பசியைக் குறைக்கும். பசி இல்லாததால் பிள்ளை சாப்பிடாது. தாகம் மறந்து விளையாடும். ராத்திரி தூக்கம் தள்ளிப் போகும். வெறும் வயிறு, வறண்ட உடம்பு, அரைத் தூக்கம். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே பெரியவர்களுக்கே தலை வலிக்கும். மூன்றும் சேர்ந்தால் பிள்ளை என்ன செய்யும்?

அதனால்தான் "தலைவலிக்குதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எப்ப வலிக்குது?" என்று கேட்க வேண்டும்.

நேரம் சொல்லும் காரணம்

காத்து எந்தப் பக்கம், தண்ணி ஏறுதா வடியுதா என்று பார்க்காமல் யாரும் வலையை இறக்குவதில்லை. பிள்ளையின் தலைவலிக்கும் அப்படி ஒரு பார்வை வேண்டும். மாத்திரை எத்தனை மணிக்கு, வலி எத்தனை மணிக்கு என்று குறித்தாலே பாதி விடை கிடைத்து விடும்.

மாத்திரை போட்டு ஒன்று, ரெண்டு மணி நேரத்தில் வலித்தால்: மருந்து உடம்பில் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. அளவு கொஞ்சம் அதிகமாக இருக்கலாம். ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். காலையில் சாப்பிட்டானா என்பதும் முக்கியம்.

மதியம் 12, 1 மணி வாக்கில் வலித்தால்: பசியும் தாகமுமாக இருக்கலாம். காலையில் வெறும் டீயும் பொறையும் தின்று விட்டுப் போன பிள்ளைக்கு இந்த நேரத்தில் தலை பாரமாவது சகஜம். சாதாரண மாத்திரையாக இருந்தால் அதன் வேகம் 3 முதல் 4 மணி நேரத்தில் இறங்கி விடும். அப்படி இறங்கும் நேரமாகவும் இருக்கலாம்.

சாயங்காலம் 4 மணிக்கு மேல் வலித்தால்: நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரை இறங்குகிற நேரம் அது. வலியோடு சேர்ந்து எரிச்சல், அழுகை, காரணம் இல்லாமல் தங்கச்சியை அடிப்பது போன்றவையும் வரும். பிள்ளை கெட்டுப் போய் விட்டான் என்று அர்த்தம் இல்லை. மருந்து வடிகிறது என்று அர்த்தம்.

தூங்கி எழுந்ததுமே, மாத்திரை போடும் முன்பே வலித்தால்: ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் விடியற்காலை வலியோடு வாந்தியும் வந்தால், இதை மாத்திரை கணக்கில் எழுதி விட்டு சும்மா இருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

போர்டைப் பார்க்கும்போதும் படிக்கும்போதும் மட்டும் வலித்தால்: கண்ணாடி தேவைப்படலாம். முன்பு புத்தகத்தையே பார்க்காத பிள்ளை, இப்போது உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததும் கண் குறை வெளியே தெரியலாம். கண் பரிசோதனை செய்யுங்கள்.

மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே இருந்த வலி என்றால்: அதற்கு வேறு காரணம் இருக்கலாம். சளி, சைனஸ், ஒற்றைத் தலைவலி எல்லாம் பிள்ளைகளுக்கும் வரும். குடும்பத்தில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு பழைய நோட்டு போதும்

பள்ளி முடிந்து மிச்சமான நோட்டில் 4 கட்டம் போடுங்கள். மாத்திரை நேரம், சாப்பிட்டது, தலைவலி வந்த நேரம், ராத்திரி தூங்கிய நேரம். தினமும் ஒரு வரி. எழுதத் தெரியாத பாட்டியாக இருந்தால் காலண்டரில் பிள்ளையையே ஒரு புள்ளி வைக்கச் சொல்லலாம். காலை வலி என்றால் மேலே, மதியம் என்றால் நடுவில், சாயங்காலம் என்றால் கீழே.

ஞாயிற்றுக்கிழமை கதையையும் மறக்காமல் எழுதுங்கள். லீவு நாளில் மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால், அன்று வலி வருகிறதா இல்லையா என்பதே பெரிய சாட்சி.

2 வாரம் எழுதினால் போதும். "அப்பப்ப வலிக்குதுன்னு சொல்றான் சார்" என்று சொல்வதற்கும், "10 நாள்ல 6 நாள் வலிச்சிருக்கு, 6 நாளும் மதியம் ஒரு மணிக்குத்தான்" என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்! ரெண்டாவது மாதிரி சொன்னால் டாக்டருக்கு வேலை சுலபம்.

வீட்டில் என்ன மாற்றலாம்?

முதலில் சாப்பாடு. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் பசி போய் விடும். ஆகவே பசி போகும் முன்பே வயிற்றை நிரப்பி விட வேண்டும். பழைய சோறும் மீன் குழம்பும் இருந்தால் அதுவே நல்ல காலை உணவு. இட்லி, கஞ்சி, முட்டை எது கிடைத்தாலும் சரி. சாப்பிட்ட பிறகு மாத்திரை கொடுக்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். பல டாக்டர்கள் அப்படித்தான் கொடுக்கச் சொல்கிறார்கள்.

அம்மா 5 மணிக்கே கிளம்பும் வீட்டில் அவசரத்தில் வெறும் வயிற்றில் மாத்திரையைக் கொடுத்து விட்டுப் போவது உண்டு. அதைவிட, மாத்திரையை பாட்டியிடம் ஒப்படைத்து, "சாப்பிட்டப்புறம் குடு" என்று சொல்லி விட்டுப் போவது நல்லது. அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு 2022-ம் ஆண்டு தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தில் பிள்ளை சாப்பிடுகிறதா என்பதையும் கேட்டு வையுங்கள். பள்ளியில்தான் சாப்பிடுகிறது என்றால், மாத்திரை நேரத்தை அதற்கேற்ப மாற்றலாமா என்று டாக்டரிடமும் டீச்சரிடமும் பேசுங்கள்.

மதியம் சரியாகச் சாப்பிடாவிட்டால் அடிக்க வேண்டாம். சாயங்காலம் மருந்து வேகம் குறைந்ததும் பசி திரும்பி வரும். அப்போது ஒரு சாப்பாடு, ராத்திரி ஒரு சாப்பாடு என்று ஈடு கட்டலாம்.

அடுத்து தண்ணீர். ஏரிக்கரையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்வது வழக்கம். அதற்காக பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் பாட்டிலைக் காலியாக அனுப்பாதீர்கள். மணலில் வெயிலில் ஓடியாடும் பிள்ளைக்கு தண்ணீர் குறைந்தாலே தலை வலிக்கும். நீராகாரம், மோர் கொடுக்கலாம்.

மூன்றாவது டீ. டீயிலும் காபியிலும் உள்ள காபின் என்ற பொருளும் ஒரு தூண்டு மருந்துதான். மாத்திரையும் டீயும் சேர்ந்தால் படபடப்பு கூடும், தூக்கம் கெடும். காலையும் மாலையும் டம்ளர் நிறைய டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் மெல்ல மெல்லக் குறையுங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் அதனாலேயே ரெண்டு நாள் தலை வலிக்கும். கடையில் விற்கும் எனர்ஜி டிரிங் பக்கமே போக வேண்டாம்.

நாலாவது தூக்கம். ராத்திரி செல்போனைப் பிடுங்கி வைப்பது, ஒரே நேரத்தில் படுக்க வைப்பது. காலையில் மறந்த மாத்திரையை சாயங்காலம் கொடுத்தால் அன்று ராத்திரி தூக்கம் போச்சு. மறந்தால் மறந்ததுதான். அடுத்த நாள் வழக்கமான அளவு மட்டும் கொடுங்கள். ரெண்டாகக் கொடுக்கவே கூடாது.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கேள்வி: தலைவலிக்கு மாத்திரை குடுக்கலாமா?

பதில்: எப்போதாவது ஒரு நாள் என்றால் பாராசிட்டமால் கொடுக்கலாம். அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி கிராம். அதாவது 20 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 200 முதல் 300 மில்லி கிராம். பெரியவர்கள் போடும் 500, 650 மாத்திரையை அப்படியே கொடுக்கக் கூடாது. மறு வேளைக்கு குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். வாரத்தில் 2, 3 நாள் தலைவலி மாத்திரை தேவைப்படுகிறது என்றால் அது மாத்திரை போட்டுத் தீர்க்கிற விஷயம் இல்லை. டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: கடையில கேட்டா சளி, தலைவலி ரெண்டுக்கும் ஒரே மாத்திரை தர்றாங்களே?

பதில்: உஷார்! அதில் சிலவற்றில் காபினும், மூக்கடைப்புக்கான பினைல்எப்ரின் என்ற மருந்தும் கலந்திருக்கும். அது ரத்த அழுத்தத்தை ஏற்றக் கூடியது. "பிள்ளை மெத்தில்பெனிடேட் சாப்பிடுது" என்று கடைக்காரரிடம் சொல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: பெரிய மாத்திரையா இருக்கு, உடைச்சுக் குடுக்கலாமா?

பதில்: நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மாத்திரையை உடைக்கவோ, பொடி செய்யவோ, மெல்லவோ கூடாது. நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து ஒரே அடியாக இறங்கி விடும். தலைவலி, படபடப்பு எல்லாம் அதிகமாகும். உங்கள் பிள்ளைக்கு எழுதியது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

கேள்வி: மாத்திரை தீர்ந்து போச்சு, எங்க கேட்டாலும் இல்லேங்குறாங்க...

பதில்: இது சட்டப்படி கட்டுப்பாடு உள்ள மருந்து. 'ஷெட்யூல் எக்ஸ்' பட்டியலில் வருகிறது. தனி லைசென்ஸ் உள்ள கடையில்தான் கிடைக்கும். டாக்டர் சீட்டு ரெண்டு பிரதியாக வேண்டும். அதில் ஒன்றை கடைக்காரர் வைத்துக் கொள்வார். ஆகவே கடைசி மாத்திரை வரை காத்திருக்காமல், ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே கிளம்பி விடுங்கள். நாலு நாள் விட்டு விட்டு, பிறகு பழைய அளவில் திடீரென்று ஆரம்பித்தாலும் தலைவலி திரும்பி வரலாம். இடைவெளி விழுந்தால் எப்படி ஆரம்பிப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: "படிப்பு மாத்திரைதானே, அண்ணன் பரீட்சைக்கு ஒண்ணு போடட்டுமே?" "ராத்திரி தொழிலுக்குத் தூக்கம் வராம இருக்க ஒண்ணு குடு" என்கிறார்களே?

பதில்: கூடவே கூடாது. ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இன்னொருவர் சாப்பிடுவது ஆபத்து. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ள பெரியவருக்கு அது விபரீதத்தில் முடியலாம். போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மருந்து என்பதால் சட்டச் சிக்கலும் உண்டு. மாத்திரையை பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். எண்ணி வையுங்கள்.

டாக்டர் என்ன செய்வார்?

பல பெற்றோருக்கு ஒரு தயக்கம். "தலைவலின்னு போய்ச் சொன்னா டாக்டர் கோவிச்சுக்குவாரோ, மாத்திரையை நிறுத்திட்டா மறுபடி பழையபடி ஆயிடுமோ" என்று. அப்படி எல்லாம் இல்லை. டாக்டர் கையில் பல வழி இருக்கிறது.

முதலில் ரத்த அழுத்தம், நாடி, எடை, உயரம் பார்ப்பார். இந்த மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு ஒவ்வொரு முறை அளவு மாற்றும்போதும், பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தமும் நாடியும் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அடுத்து அளவைக் குறைக்கலாம். சின்ன அளவில் ஆரம்பித்து வாரா வாரம் மெல்ல ஏற்றுவதுதான் முறை. வேகமாக ஏற்றியிருந்தால் ஒரு படி இறக்கி, பிறகு ஏற்றலாம். சாதாரண மாத்திரையில் இருந்து நீண்ட நேர மாத்திரைக்கு மாற்றலாம். நேரத்தை மாற்றலாம்.

எதுவும் ஒத்து வரவில்லை என்றால், தூண்டு மருந்து வகையில் சேராத அடோமோக்சிடின் போன்ற மருந்துகளும் உண்டு. அதிலும் சிலருக்கு தலைவலி வரும். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துப் போகும் என்பதைக் கொடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மருந்தோடு சேர்த்து பெற்றோர் பயிற்சி, டீச்சர் உதவி, முன் பெஞ்சில் உட்கார வைப்பது, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் வேண்டும். இது பலன் கொடுத்தால் குறைந்த அளவு மருந்தே போதும் என்ற நிலையும் வரலாம்.

இது வந்தால் காத்திருக்காதீர்கள்!

கீழே உள்ளதில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-க்குப் போன் செய்யலாம்.

* இதுவரை வராத அளவுக்கு, திடீரென்று மண்டையைப் பிளக்கும் வலி
* வலியோடு தொடர்ந்து வாந்தி, கழுத்து விறைப்பு, காய்ச்சல்
* பார்வை மங்குவது, ரெண்டு ரெண்டாகத் தெரிவது
* கை, கால் ஒரு பக்கம் பலம் இழப்பது, வாய் கோணுவது, பேச்சுக் குழறல்
* வலிப்பு, மயக்கம்
* நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தாங்க முடியாத படபடப்பு
* தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி
* இல்லாத ஒன்றைப் பார்ப்பதாக, கேட்பதாகச் சொல்வது, உயிரை விட்டு விடுவேன் என்று பேசுவது

பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்தாலோ, குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலோ, மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி விட வேண்டும்.

எங்கே போவது?

சாதாரண தலைவலிக்கு ரத்த அழுத்தம், எடை பார்க்க பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம். அடுத்து பொன்னேரி அரசு ஆஸ்பத்திரி. மாவட்டத் தலைநகரில் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பொன்னேரியில் இருந்து மின்சார ரெயில் ஏறினால் சென்னை. அங்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரி, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் ஆகியவை உள்ளன. போகும்போது பழைய சீட்டு, மாத்திரை அட்டை, தலைவலி நோட்டு மூன்றையும் கையில் எடுத்துக் கொள்ளுங்கள்.

பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் சென்று பிள்ளைகளைப் பரிசோதிக்கும் தேசிய சிறார் நலத் திட்டம் 2013-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அந்தக் குழு பார்க்க வேண்டிய குறைபாடுகள் பட்டியலில் இந்தக் கவனக்குறைவும் உண்டு. பள்ளிக்கு டாக்டர் குழு வருகிறது என்று தெரிந்தால், டீச்சரிடம் சொல்லி உங்கள் பிள்ளையையும் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு நாள் கூலியை விட்டு விட்டு டவுனுக்குப் போக முடியாதவர்கள் 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணில் பேசலாம். மனநல ஆலோசனைக்காக மத்திய அரசு 2022-ம் ஆண்டு தொடங்கிய சேவை இது. தமிழிலேயே பேசலாம்.

பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்

பிராட்லி காலத்தில் இருந்து இன்று வரை இந்த மாத்திரை பல பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைத்திருக்கிறது. அதே நேரம், சொல்லத் தெரியாமல் தலைவலியோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் இருப்பார்கள்.

"இப்ப நல்லாப் படிக்கிறான்" என்ற சந்தோஷத்தில் பிள்ளையின் வலியை மறக்க வேண்டாம். "தலை வலிக்குதாம்" என்ற பயத்தில் பிள்ளையின் படிப்பை இழக்கவும் வேண்டாம். ரெண்டையும் காப்பாற்ற முடியும்.

சாயங்காலம் கூடையை இறக்கி வைத்ததும் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இன்னிக்குத் தலை வலிச்சுதா கண்ணு? எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். சொன்ன நேரத்தை நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டாக்டர் முதலில் பார்க்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.